அக்கா குரலுக்கு வைத்த ஸ்பீக்கர்

லாரி ஷெட்டுகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அவனுக்குப் பஞ்சு என்று பேர். பெற்றவர்கள் வைத்தது வேறு பேர். அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவன் பாட்டுக்குத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருப்பான். காலையில் ஷெட்டைத் திறந்ததும் இரண்டு காதிலும் பஞ்சை உருட்டி அடைத்துக்கொள்வான். சாயங்காலம் கதவை இழுத்துப் பூட்டும்போதுதான் அது வெளியே வரும். லாரிக்கு ஸ்பீக்கரும், அதன் சத்தத்தைக் கூட்டும் ஆம்பும் மாட்டிக் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவன் இப்படிக் காதை அடைத்துக்கொண்டு திரிந்தால் தெரு சும்மா விடுமா? எதிர்க்கடை டயர்க்காரர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"ஏன்டா, நீ மாட்டுற ஸ்பீக்கரை நீயே கேக்க முடியாமத்தான் பஞ்சு வச்சிருக்கியா?"

"உங்க பேச்சைக் கேக்க முடியாமத்தாண்ணே," என்றான் அவன். பேர் ஒட்டிக்கொண்டது.

உண்மையில் விஷயம் ரொம்பச் சாதாரணம். தெருவின் ஒரு கோடியில் வெல்டிங், மறு கோடியில் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவர்கள், நடுவில் எந்நேரமும் ஹாரன். காது அவனுக்கு ஸ்பானர் மாதிரி. வேலை இல்லாத நேரத்தில் அதைத் துடைத்து உள்ளே வைத்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. வெளியே போட்டு வைத்தால் துருப்பிடித்துப் போகுமாம்.

ஆள் கொஞ்சம் கனவுப் பேர்வழி. கையில் வயரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவான். தான் மாட்டிய ஸ்பீக்கர்களெல்லாம் இந்நேரம் எந்தெந்தச் சாலையில் என்னென்ன பேசிக்கொண்டு போகின்றனவோ என்று நினைப்பு ஓடும். ஒரு லாரியில் மழை வருமா வராதா என்று செய்தி. இன்னொன்றில் பழைய பாட்டு. வேறொன்றில் யாரோ ஒரு அம்மா, மகனிடம், புதுச் செருப்பு கடிக்கிறதா என்று விசாரிக்கிறாள். எல்லாம் அவன் முறுக்கிய வயர் வழியாகப் போகின்றன. இப்படி நினைத்துக்கொண்டு நிற்பதில் அவனுக்கு ஒரு சுகம். பக்கத்தில் டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கும்.

அவனிடம் வருகிற டிரைவர்கள் பெரும்பாலும் ஒரே ரகம். லாரியோடு கம்பெனியிலிருந்து வந்த செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, லாரி தெருமுனையில் திரும்பும்போதே கண்ணாடி ஜன்னல்கள் அதிர வேண்டும் என்பார்கள். அதையும் செய்து கொடுப்பான். ஆனால் அதில் அவனுக்கு மனசு ஒட்டாது. கேபினுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரே ஒரு ஆளுக்காகச் செட் பண்ணச் சொல்லி எவனாவது வந்துவிட்டால் போதும், அன்றைக்குப் பஞ்சுவைப் பிடிக்க முடியாது.

அப்படிப்பட்ட வேலைக்கு அவனிடம் ஒரு முறை உண்டு. மற்ற கடைகளில் பாட்டைப் போட்டுத்தான் ஆம்பை ட்யூன் பண்ணுவார்கள். இவன் பண்ணமாட்டான். பாடினவரை நாம் எங்கே நேரில் பார்த்தோம், அவர் குரல் இப்படித்தான் இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்பான். டிரைவரைச் சீட்டில் உட்கார வைத்து, "வீட்டுக்கு ஒரு போன் போடுங்க" என்பான். மனைவியோ, அம்மாவோ, குழந்தையோ பேசுவது ஸ்பீக்கரில் வர ஆரம்பித்ததும் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு ஆம்பின் சின்னத் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவான். டிரைவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு கட்டத்தில் அந்த முகம் இளகும். பக்கத்துச் சீட்டில் ஆள் வந்து உட்கார்ந்தாற்போல டிரைவர் அரைக்கண்ணால் திரும்பிப் பார்ப்பார். அங்கே திருகை நிறுத்திவிடுவான். வீட்டு ஆள் குரல் சரியாக வந்துவிட்டால், அதன் பிறகு எந்தப் பாட்டும் சரியாகத்தான் வரும். இதில் அவன் ஒருநாளும் தோற்றதில்லை.

தோற்றது சொந்த வீட்டு விஷயத்தில்.

பஞ்சுவுக்கு ஒரே அக்கா. அவள் புருஷன், பஞ்சுவின் அத்தான், சொந்த லாரி வைத்துத் தானே ஓட்டுகிறவர். தெருவில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. எந்த லோடு ஏற்றினாலும் இறக்குகிற இடத்தில்தான் வண்டி நிற்கும் என்பார்கள். சாப்பாட்டைக்கூட ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு கையால் முடித்துவிடுவார். வீட்டில் தங்குவது ஏதோ விருந்தாளி தங்குவது மாதிரிதான். வந்தால் பையைக்கூடப் பிரிக்கமாட்டார். அக்காவும் அவரும் குடும்பம் நடத்தியது முக்கால்வாசி போனில்.

அந்தப் போனும் உருப்படியாக இல்லை. லாரியில் இருந்தது கம்பெனி செட். கம்பெனிக்காரன் ஸ்பீக்கரைக் கதவில், முழங்காலுக்கும் கீழே வைத்திருந்தான். காலுக்குக் காது கேட்கும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. அதில் அக்கா பேசினால் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி இருக்கும்.

"நான் என்ன சொன்னாலும் 'என்ன, என்ன'ங்கறாருடா," என்றாள் அக்கா ஒரு நாள். "கத்திக் கத்தித் தொண்டை போச்சு. பால் தீந்து போச்சுன்னு அவருக்குச் சொன்னா பக்கத்து வீட்டுக்காரி ஒரு டம்ளர் பாலோட வந்து நிக்கறா. நம்ம வீட்டு விஷயம் தெருவுக்கே தெரியுது, அவருக்கு மட்டும்தான் தெரியல. ஊருக்கெல்லாம் மாட்டிக் குடுக்கறியே, சொந்த அக்காவுக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கக் கூடாதா?"

எப்போது கேட்பாள் என்று காத்திருந்தவன் மாதிரி பஞ்சுவுக்கு முகமெல்லாம் பல். அத்தான் லாரியை இன்ஜின் வேலைக்கு விட்டிருந்த சமயம் பார்த்துக் கேபினுக்குள் ஏறிவிட்டான். அந்த நாட்களில் அவன் வேறு வேலை எதையும் தொடவில்லை. டயர்க்காரர் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"என்னடா இது, லாரியா, கல்யாண மண்டபமா?"

"கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணே, வெளிச்சம் மறைக்குது."

முதலில் கதவுகளைப் பிரித்தான். தகரத்துக்குள் வெறும் காற்று. அதனால்தான் அதிர்வு. உள்பக்கம் முழுக்கப் பிசின் தடவிய ரப்பர் ஷீட்டை இடைவெளி இல்லாமல் ஒட்டினான். ஒட்டி முடித்ததும் கதவைத் தட்டிப் பார்த்தான். முன்பு டங் என்ற கதவு இப்போது தொப் என்றது. கேபினுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் தெருவே எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. வெல்டிங் பொறி கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு மேலே பார்க்கிற மாதிரி இருந்தது.

பிறகு கரண்ட். லாரியில் இரண்டு பேட்டரி சேர்ந்து தருவது ஆம்புக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு. அவசரக்காரர்கள் ஒரே பேட்டரியிலிருந்து வயரை இழுத்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பேட்டரி மண்டையைப் போட்டுவிடும். பஞ்சு நடுவில் கன்வெர்ட்டர் வைத்துக் குறைத்துக் கொடுத்தான். டிரைவர் படுக்கும் பலகைக்கு அடியில் ஆம்பைப் பொருத்தினான். கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, பெரிய ஸ்பீக்கரைக் கதவின் மேல்பாதிக்கும், கீச்சுக் குரலுக்கான சின்ன ஸ்பீக்கரை முன்கண்ணாடி ஓரத்தில் அத்தானின் காது மட்டத்துக்கும் ஏற்றினான். எல்லாம் முடிந்த மத்தியானம் சீட்டில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டான்.

"பேசுக்கா."

"என்னத்தடா பேச?"

"எதையாவது. கத்தாம பேசு. சும்மா வீட்ல பேசற மாதிரி."

அவள் பேசினாள். துணி காயாததைப் பற்றி, குழாய் சொட்டுவதைப் பற்றி, கத்தரிக்கோல் காணாமல் போனதைப் பற்றி. பஞ்சு கண்ணை மூடிக்கொண்டு திருகைத் திருப்பினான். இந்த ஒரு குரலுக்கு அவன் எந்த டிரைவரின் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அவனுக்கே தெரிந்த குரல். சின்ன வயசில் அம்மா வேலைக்குப் போய்த் திரும்ப நேரமாகும். அதுவரை அவனைப் பாயில் போட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்வாள் அக்கா. அவளுக்குப் பாட்டு வராது. கதையும் தெரியாது. அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், எது கொட்டியது, எது உடைந்தது என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போவாள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அர்த்தம் கழன்று, வெறும் கதகதப்பாக மாறும். அந்தக் கதகதப்பைத்தான் இப்போது திருகு திருகாகத் தேடினான். கிடைத்தது. முன்கண்ணாடிக்கு இந்தப் பக்கம், எட்டிப் பிடித்துவிடுகிற தூரத்தில் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

டயர்க்காரர் வந்து கதவைத் திறந்தபோது பஞ்சு ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். "ஹலோ, ஹலோ, டேய், இருக்கியா?" என்று அக்கா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இது ஒரு எச்சரிக்கை என்று அந்த மடையனுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. என் வேலை அவ்வளவு பிரமாதம் என்று பூரித்துப் போனான்.

அத்தான் வந்து உட்கார்ந்து கேட்டார்.  ஸ்பீக்கரில் அக்கா ஏதோ சொல்லிச் சிரித்தாள். மெல்லிய சிரிப்பு, மூக்கால் வருவது. அத்தான் பஞ்சுவைப் பார்த்தார்.

"மச்சான், இவ இப்படியா பேசுவா?"

"அக்கா எப்பவும் இப்படித்தான் அத்தான்."

"எங்கிட்ட கத்துவா."

"கம்பெனி செட்டு கத்த வச்சுது."

அத்தான் முன்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஞ்சுவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

அதன் பிறகு அத்தானும் அக்காவும் பேசின பேச்சுக்கு அளவே இல்லை. காதலிக்கிறவர்கள்கூட அப்படிப் பேசமாட்டார்கள். அக்கா துணி மடிப்பாள், பூண்டு உரிப்பாள், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து "ம்... ம்..." என்று அத்தான். கத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போனதால் அவள் குரலும் நாளுக்கு நாள் இறங்கி, பாயில் படுத்துப் பேசுகிற குரலாகிவிட்டது.

ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்த நேரம். அக்கா தலையணை உறை தைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். "ம்" வரவில்லை. சிக்னல் போய்விட்டது போல என்று நினைத்தாள். போகவில்லை. மூச்சுச் சத்தம் வந்தது, நீளமாக, சீராக. கல்யாணம் ஆன நாளாகப் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிற மூச்சு. அது தூக்கம் என்று புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. அந்தக் கணத்திலேயே போனில் டயர் சத்தம் மாறியது. சரளைக் கல் நெரிபடும் சத்தம்.

"என்னங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் ஊசி கையில் ஏறியது.

லாரி சாலையை விட்டிறங்கி, ஒரு மரத்தில் பக்கக் கண்ணாடியைப் பறிகொடுத்து, வெட்டவெளியில் நின்றது. அத்தானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எதிரில் யாரும் வரவில்லை. வந்திருந்தால் என்ற பேச்சை எடுக்க அக்காவுக்கு நாக்கு எழவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நேரே பஞ்சுவின் ஷெட்டுக்கு வந்தாள். அதுவரை அவள் அந்தத் தெருவில் கால் வைத்ததே இல்லை.

"என்னடா செஞ்சு வச்சிருக்கே?" என்றாள். "எம் பேச்சைக் கேட்டுத்தான்டா தூங்கியிருக்காரு. நான் பேசிக்கிட்டே இருக்கேன், அவரு தூங்கறாரு, வண்டி ஓடுது. நானே அவரை எமன்கிட்ட கொண்டு போய்ச் சேத்திருப்பேன்."

 ஏன் என்று பஞ்சுவுக்கு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லா டிரைவர்களுக்கும் அவர்கள் முகம் பார்த்துத் திருகியவன், அத்தானுக்கு மட்டும் தன் காதை வைத்துத் திருகிவிட்டான். தன்னை எந்தக் குரல் தூங்க வைத்ததோ அந்தக் குரலைத் தேடிக் கண்டுபிடித்து, விழித்திருக்க வேண்டிய ஆளின் காதோரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். போதாக்குறைக்குக் கதவில் ரப்பரை ஒட்டி, டயரின் சத்தம், காற்றின் சத்தம், சாலையின் சத்தம் என்று அவரை உலுக்கிக்கொண்டிருந்த அத்தனையையும் வெளியே தள்ளிப் பூட்டியிருக்கிறான். அக்காவின் கையில் ரத்தம் துணியை மீறிக் கசிந்திருந்ததைப் பார்த்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதான்.

அத்தான் லாரியோடு வந்து சேர்ந்ததும் பஞ்சாயத்து ஷெட்டிலேயே நடந்தது.

"எல்லாத்தையும் பிடுங்கி எறி," என்றாள் அக்கா.

"ஒண்ணையும் தொடாதே," என்றார் அத்தான். "அவ குரல்தான் மச்சான் எழுப்புச்சு. கம்பெனி செட்டா இருந்தா கேட்டிருக்குமா? பக்கத்துல உக்காந்து கத்தின மாதிரி இருந்துச்சு."

"அந்தக் குரல்தானே தூங்க வச்சுது!"

"தூங்க வச்சுது, எழுப்பியும் விட்டுது. கணக்கு சரியாப் போச்சு."

"இது என்ன விளையாட்டாங்க உங்களுக்கு? நான் இனிமே போனே எடுக்க மாட்டேன். பேசி உங்களைக் கொல்றதைவிட ஊமையா இருந்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அத்தான் கழன்று விழுந்திருந்த கண்ணாடிச் சட்டத்தில் சிக்கிய இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய உருவம். அன்றைக்குச் சின்னவராகத் தெரிந்தார்.

"அத்தான், நீங்க கடைசியா நல்லாத் தூங்கினது எப்ப?" என்று கேட்டான் பஞ்சு.

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

"வீட்ல படுத்தாலும் வண்டி ஓடற மாதிரியேதான் இருக்கும் மச்சான். கண்ணை மூடினா ரோடு வரும். இவ பக்கத்துல படுத்திருப்பா, நான் கியர் மாத்திக்கிட்டிருப்பேன். அன்னிக்கு அவ தலையணை உறை பத்திச் சொல்லிட்டிருந்தா. பூப் போட்டதா, கோடு போட்டதான்னு கேட்டா. பூப் போட்டதுன்னு சொல்லணும்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்துட்டேன்னு தோணுச்சு. அவ்ளோதான் தெரியும்."

"நடுவுல நிறுத்தித் தூங்க வேண்டியதுதானே?"

"நிறுத்தறதா?" அத்தான் கெட்ட வார்த்தை எதையோ கேட்டவர் மாதிரி பார்த்தார். "என்னைப் பத்தி ரோடு பூரா என்ன பேசறாங்க தெரியுமில்ல?"

தெரியும். அந்தப் பெருமைதான் அவரைப் பாதி தின்றுவிட்டது என்று பஞ்சுவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்பீக்கரைப் பிடுங்கி எறிந்தாலும் அவர் தூங்காமல்தான் ஓட்டுவார். இன்னொரு மத்தியானம், எழுப்ப ஒரு குரலும் இல்லாமல், கண் அயர்வார். 

மறுநாள் அவன் கேபினில் ஏறி, டிரைவர் பக்கக் கதவைப் பிரித்தான். ஒட்டிய ரப்பர் ஷீட்டைத் தகட்டால் சுரண்டி எடுக்க ஆரம்பித்தான். ஒட்டும்போது இனி ஒருநாளும் வரக் கூடாது என்று ஒட்டினது, லேசில் வருமா? நகம் பிய்ந்தது. தன் வாழ்நாளில் இதைவிட நல்ல வேலை செய்ததில்லை, இனிமேலும் செய்யப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். சுரண்டச் சுரண்டத் தெருவின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. தகரம் தட்டுகிறவன், ஹாரன், டயர்க்காரரின் இருமல்.

"கட்டினவனே இடிக்கறான்டா," என்று டயர்க்காரர் யாரிடமோ சொன்னார். அவர் குரலிலும் கிண்டல் இல்லை.

பழைய கம்பெனி ஸ்பீக்கரைத் தேடி எடுத்து, தூசி தட்டி, முழங்காலுக்குக் கீழே அதன் பழைய இடத்திலேயே மாட்டினான். புது ஸ்பீக்கர்களை எடுக்கவில்லை. ஆம்பை எழுப்புகிற மெல்லிய வயர் ஒன்று உண்டு. அதில் கரண்ட் வந்தால்தான் ஆம்ப் வேலை செய்யும். இதுவரை அது சாவியோடு சேர்ந்திருந்தது. அதை அங்கிருந்து பிரித்து, ஹேண்ட் பிரேக் போட்டால் எரியும் சிவப்பு விளக்கோடு ரிலே என்ற குட்டி ஸ்விட்ச் வைத்துச் சேர்த்தான். இனி வண்டி ஓடும்போது கம்பெனி செட்டின் தகர டப்பாக் குரல்தான். வண்டியை ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தால்தான் அக்காவின் குரல் பக்கத்தில் வந்து உட்காரும்.

அத்தானைக் கூப்பிட்டு விளக்கிச் சொன்னான். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதை ஏமாத்தத் தெரியாதா எனக்கு? ஒரு வயரைப் பிடுங்கிப் பழைய இடத்துல சொருகினா தீந்துது."

"ஆமா அத்தான்." பஞ்சு குனிந்து படுக்கைப் பலகையைத் தூக்கிக் காட்டினான். "இதுதான் அந்த வயர். நீலக் கலர். இங்க சொருகணும். ஒரு நிமிஷ வேலை. உங்களை நான் கட்டிப் போட முடியாது. அக்காகிட்ட ஹேண்ட் பிரேக் விஷயத்தை மட்டும்தான் சொன்னேன், இந்த வயரைப் பத்திச் சொல்லல."

அத்தானின் சிரிப்பு நின்றுவிட்டது. வயரைப் பார்த்தார். பலகையை அவரே மெல்லக் கீழே இறக்கிவிட்டு, லோடு ஏற்றப் போனார்.

அத்தான் லோடு ஏற்றிக் கிளம்பிய மறுநாள், பஞ்சு ஷெட்டைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனான். எந்த வேலையிலும் கை போகவில்லை. அக்கா போனைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கையில் தையல் இல்லை, பூண்டு இல்லை. ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அமுங்கியது. மத்தியான வெயில் தரையில் ஒரு கட்டமாக விழுந்து, பார்க்கப் பார்க்க நகர்ந்துகொண்டிருந்தது.

"காலையில இருந்து ஒரு போன் இல்லடா," என்றாள். "போனே எடுக்க மாட்டேன்னு நான் சொன்னது தப்பா?"

"இல்லக்கா."

"நிறுத்துவாரா?"

பஞ்சு நீல வயரை நினைத்துக்கொண்டான். "தெரியலக்கா," என்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

உட்கார்ந்திருந்தார்கள். எங்கோ ஒரு சாலையில், சாப்பாடு முடிந்த நேரத்து வெயிலில், ஒரு பெரிய வண்டி போய்க்கொண்டிருப்பதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் அது ஊர்ந்து போகிற மாதிரியே இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வெட்டவெளி. டிரைவரின் இமை மெல்ல இறங்குகிறது, ஏறுகிறது. பஞ்சுவுக்கு அந்த வண்டியைக் கையால் மறித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

போன் அடித்தது. அக்கா அதைத் தொட்டு, பஞ்சுவுக்கும் கேட்கும்படி மேஜையிலேயே விட்டாள். பேசவில்லை.

போனில் இன்ஜின் உறுமியது. டயர் சத்தம், காற்று.

"ஓடுதுடா," என்றாள் அக்கா. அவள் முகம் செத்துவிட்டது. போனை அணைக்க விரலை நீட்டினாள். பஞ்சு அந்த விரலைப் பிடித்துக்கொண்டான்.

இண்டிகேட்டர் டிக், டிக் என்றது. உறுமல் இறங்கியது. சரளைக் கல், ஆனால் மெதுவாக, ஒவ்வொரு கல்லாக நெரிபட்டது. கடைசிக் கல்லும் அடங்கியபின் ஹேண்ட் பிரேக்கிலிருந்து காற்று உஸ்ஸென்று நீளமாக வெளியேறியது. இன்ஜின் அணைந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதியில், அத்தனை தூரத்துக்கு அப்பாலிருந்து, ஏதோ ஒரு குருவி கத்தியது.

"வண்டி நிக்குது," என்றார் அத்தான். "இப்பப் பேசு."

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷமும் ஓடிக்கொண்டிருக்கிற ஆளிடமே பேசிப் பழகியவள். நின்றுகொண்டு கேட்கிறவரிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து கரகரவென்று கொட்டியது.

"இருக்கியா?" என்றார் அத்தான்.

"இருக்கேன்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எவ்ளோ நேரம் நிப்பீங்க?"

"நீ பேசி முடிக்கற வரைக்கும்."

அக்கா போனை மேஜையிலிருந்து எடுத்து உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். தம்பியைப் பார்த்தாள்.

"நீ கொஞ்சம் வெளிய போடா," என்றாள்.

பஞ்சு எழுந்து போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தினான்.